இ-சலான் வந்தால் கட்டுவதற்கு முன்: தருமபுரி, கிருஷ்ணகிரி வண்டிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தவறாக வந்த டிராஃபிக் சலானை எதிர்த்து மனு போடுவது எப்படி, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எங்கே சறுக்குகிறார்கள் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து லாரி, டெம்போ, பைக் என்று பலருடைய சலான்களைப் பார்த்து வருகிறேன். நியாயம் தம் பக்கம் இருந்தும் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றிச் செய்தவர்கள். முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் "அது என் வண்டியே இல்லைங்க" என்று வருவார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றின் நகல், சேசிஸ், இன்ஜின் எண்களின் கடைசி ஐந்து இலக்கம், ஆர்.டி.ஓ. பதிவில் உள்ள மொபைல் எண். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பழைய எண், விற்றவரின் எண், டீலர் போட்ட எண் என்று ஏதாவது பதிவில் இருந்தால் சலான் செய்தியும் உங்களுக்கு வராது, ஓடிபியும் வராது.

1. வந்தது உண்மையான சலான்தானா?

வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று ஒரு செய்தி, கூடவே ஒரு ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வந்தால் அதைத் திறக்காதீர்கள். எந்தப் போக்குவரத்துத் துறையும் சலானை ஏபிகேயாக அனுப்புவதில்லை. திறந்து இன்ஸ்டால் செய்தால் போனில் வரும் ஓடிபி வேறொருவர் கைக்குப் போகும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இ-சலான் தளத்தை நீங்களே தேடித் திறந்து வண்டி எண்ணையும் சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் போட்டுப் பாருங்கள். முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிய வேண்டும். அங்கே இருந்தால்தான் அது சலான்.

இருந்தால் உடனே மூன்று வேலை: சலானை பிடிஎஃப்பாக இறக்குங்கள், புகைப்படத்தைத் தனியாகச் சேமியுங்கள், நிலுவை நிலை தெரியும்படி தேதியோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சலான் நீதிமன்றத்துக்கு மாறியபின் பக்கம் வேறு மாதிரி காட்டும். முதல் நிலையைக் காட்ட உங்களிடம் இதுதான் இருக்கும்.

2. கட்டும் பட்டனை இப்போதைக்குத் தொடாதீர்கள்

"ஆயிரம் ரூபாதானேண்ணா, கட்டித் தொலைச்சுட்டுப் போயிடலாம்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வசனம். ஆயிரம் ரூபாய் போவதில் எனக்கும் பெரிய வருத்தமில்லை. அதற்குப் பின்னால் வருவதுதான் விஷயம்.

சலான் பணத்தைக் கட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவின்படி சமரசம் செய்துகொள்வது. கட்டினால் அந்தக் குற்றத்துக்கு மேல்நடவடிக்கை இல்லை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் 2019 திருத்தத்தில் அதே பிரிவில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டார்கள். ஒன்று, கட்டி முடித்தாலும் அது முந்தைய குற்றமாகக் கணக்கில் இருக்கும். அடுத்த முறை பிடிபட்டால் 'இரண்டாவது முறை' விகிதம் வரும். இரண்டு, 206(4) பிரிவின்படி லைசென்ஸைத் தகுதிநீக்கத்துக்கு, அதாவது சில காலம் ஓட்டத் தடை விதிப்பதற்கு, அனுப்பும் நடவடிக்கையை அந்தப் பணம் தடுக்காது.

ஆகவே செய்யாத தப்புக்கு ஆயிரம் கட்டினால், ஆயிரத்தோடு உங்கள் பெயரில் ஒரு குற்றக் கணக்கையும் திறந்துவிடுகிறீர்கள். தினமும் தொப்பூர் கணவாயில் ஏறி இறங்கும் டிரைவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதற்காகச் சும்மா கிடப்பில் போடவும் கூடாது. நிலுவை சலான் வண்டிப் பெயர் மாற்றம், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) போன்ற வேலைகளில் குறுக்கே நிற்கும். சலானிலோ நோட்டீஸிலோ உள்ள கெடு தேதியைக் காலண்டரில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த கெடுவை நம்பாமல் உங்கள் சலானில் இருப்பதைப் பாருங்கள்.

3. எதை எதிர்ப்பது, எதைக் கட்டிவிடுவது

எல்லா சலானையும் எதிர்க்க வேண்டியதில்லை. ஹெல்மெட் போடவில்லை, போட்டோவில் முகம் தெரிகிறது, வண்டியும் உங்களுடையது என்றால் மனு எழுதும் நேரம்தான் வீண். பொய்யாக ஒரு மனு போட்டால் அடுத்த உண்மையான மனுவுக்கும் மதிப்பு குறையும்.

எதிர்க்க வலுவானவை இவை:

வண்டி எண் மாறிவிழுந்தது. நம் பக்கம் இது அதிகம். தருமபுரிக்கு டிஎன் 29, கிருஷ்ணகிரிக்கு டிஎன் 24. மங்கிய பிளேட்டில் 4-உம் 9-உம் ஒன்றுபோலத் தெரியும். இதோடு சாய்வெழுத்து, பூப்போட்ட எழுத்து, நடுவில் சாமி ஸ்டிக்கர் என்று எழுதிய பிளேட்டுகள் வேறு. ஒருவர் அழகுக்கு எழுதிய 3, இன்னொருவர் வீட்டில் 8 ஆக வந்து நிற்கும்.

இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தும் 'இன்சூரன்ஸ் இல்லை' என்று போட்டது. அரசு ஆப்களான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டும் ஆவணம் அசலுக்குச் சமம். கையில் எதுவுமே இல்லாவிட்டாலும் 15 நாளுக்குள் ஒப்படைக்கும் வழி மத்திய மோட்டார் வாகன விதி 139-இல் இருக்கிறது. பாலிசியில் உள்ள தொடக்க தேதி மட்டுமல்ல, நேரத்தையும் பாருங்கள். பிடிபட்ட பிறகு மதியம் எடுத்த பாலிசி காலைச் சம்பவத்துக்கு உதவாது.

விற்ற வண்டிக்கு வந்தது. விற்ற தேதிக்குப் பின் வந்த சலான் என்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, டெலிவரி நோட் மூன்றும் வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 50-வது பிரிவு. 'கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன், அவன் மாத்திக்குவான்' என்று விட்டவர்களுக்கு இந்த வழி கடினம். பதிவேட்டில் பெயர் உள்ளவரைத்தான் சட்டம் உரிமையாளராகப் பார்க்கும்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு சலான். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே குற்றம் என்றால் இரண்டாவதை எதிர்க்கலாம். ஹெல்மெட் ஒன்று, மூன்று பேர் சவாரி ஒன்று என்றால் அவை தனித்தனிக் குற்றங்கள்.

வேக சலானுக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு உண்டு. அதிவேகத்துக்கான 183, ஆபத்தாக ஓட்டியதற்கான 184 ஆகிய பிரிவுகளில் தண்டிக்க வேண்டுமென்றால், அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மன் சேர்த்திருக்க வேண்டும் என்கிறது 209-வது பிரிவு. உங்கள் முகவரியைக் கண்டுபிடிக்கவே முடியாதபடி வைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆர்.சி. முகவரியைப் புதுப்பித்து வையுங்கள் என்று நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் கலக்காதீர்கள். யாருக்காவது அடிபட்டு, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 281 போன்ற பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் அது சலான் விவகாரம் இல்லை. 'ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாம்' என்று யார் சொன்னாலும் வக்கீலைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒப்புதல் பின்னால் நஷ்டஈட்டு வழக்கில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும்.

4. இன்சூரன்ஸில் என்ன அடிபடும்?

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சலான் வந்தால் பிரீமியம் ஏறிவிடும் என்று பயந்து வருகிறார்கள். நம் ஊரில் மூன்றாம் நபர் பிரீமியம் மத்திய அரசு நிர்ணயிப்பது. அதில் உங்கள் சலான் கணக்கு கிடையாது. சொந்தச் சேதப் பிரிவில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும். அது குறைவது கிளெய்ம் எடுத்தால், அல்லது பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால். சலானை வைத்துப் பிரீமியம் போடும் யோசனையை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு ஒன்று 2021-இல் பரிந்துரைத்தது.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் பாலிசியில் 'டிரைவர்' என்ற தலைப்பில் ஒரு சின்னப் பத்தி இருக்கும். ஓட்டுபவர் செல்லத்தக்க லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், தகுதிநீக்கம் செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். தகுதிநீக்கத்தில் இருக்கும்போது வண்டியை எடுத்து மோதினால் சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரிக்கும். எதிராளிக்குக் கொடுத்த நஷ்டஈட்டை உங்களிடமே திருப்பி வசூலிக்கவும் வரும். கூடவே, தகுதிநீக்கத்தில் ஓட்டியதற்கு 182-வது பிரிவின்படி பத்தாயிரம் ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ தனி.

ஆகவே இன்சூரன்ஸைக் காப்பாற்றுவது என்றால் லைசென்ஸைக் காப்பாற்றுவது என்றுதான் அர்த்தம். ஹெல்மெட் இல்லாததற்கான 194டி, பைக்கில் இருவருக்கு மேல் போனதற்கான 194சி, இரண்டிலும் ஆயிரம் ரூபாயோடு மூன்று மாத தகுதிநீக்கமும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சாதாரண ஹெல்மெட் கேஸ் என்று அலட்சியமாக இருப்பவர்கள் இந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள்.

5. ஆதாரம்: முதல் வாரத்திலேயே

இதை மனு எழுதிய பின் செய்யலாம் என்று தள்ளாதீர்கள். கடை, பெட்ரோல் பங்க், டோல்கேட் கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதிதை எழுதிக்கொண்டு போகும். நீங்கள் கேட்கப் போகும்போது இருக்காது. போனதும் கடைக்காரரிடம், "அண்ணா, அந்தத் தேதி மட்டும் ஒரு பென்டிரைவ்ல போட்டு வைங்க" என்று சொல்லி வையுங்கள். தர மறுத்தால், பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் கைகொடுப்பது ஃபாஸ்டேக். சேலம்–பெங்களூரு சாலை, சென்னை–பெங்களூரு சாலை இரண்டும் கிருஷ்ணகிரியில் சேர்வதால், கார் வைத்திருப்பவர் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு டோல்கேட்டில் பதிவு விழும். ஓசூரில் சீட் பெல்ட் சலான் வந்த நேரத்தில் உங்கள் கார் தொப்பூர் டோல்கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தால், அந்த ஒரு வரி போதும். ஆனால் ஸ்டேட்மென்ட் எடுக்கும்போது கவனம்: பணம் பிடித்த நேரம் ஒன்று, வண்டி டோலைத் தாண்டிய நேரம் ஒன்று. இரண்டுக்கும் சில சமயம் பெரிய இடைவெளி இருக்கும். தாண்டிய நேரம் காட்டும் ஸ்டேட்மென்ட்தான் வேண்டும். பைக்குக்கு ஃபாஸ்டேக் இல்லை. அவர்கள் வருகைப் பதிவேடு, பங்க் பில், மருத்துவமனைச் சீட்டு என்று தேட வேண்டும்.

சலான் புகைப்படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள். நம்பரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நம்பரைவிடச் சுற்றியிருப்பது பேசும். அந்த பைக்கில் இடது கண்ணாடி இருக்கிறதா, பின்சக்கரத்தில் சேலை கார்டு எந்த வகை, கிராஷ் கார்டு உண்டா, சீட் உறை என்ன நிறம், டெயில் லைட் வட்டமா சதுரமா? அதே கோணத்தில் உங்கள் வண்டியை நிறுத்தி, பிளேட் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் அருகருகே அச்சிட்டு, வித்தியாசம் உள்ள இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். நாலு பக்கம் எழுதிய மனுவைவிட அந்த ஒரு தாளை அதிகாரி சீக்கிரம் பார்ப்பார்.

கேமரா சலான் என்றால் இன்னொன்றும் சரிபார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் சேர்த்த விதி 167ஏ-யின்படி, குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி அளந்த அளவு, தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் ஆகியவை இருக்க வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும். கேமரா இருப்பதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். பலகை இல்லை என்று சொல்வதானால், இருபுறமிருந்தும் வரும் சாலையைத் தொடர்ச்சியாக வீடியோ எடுத்து வையுங்கள்.

இந்தக் குறைகளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 'அது என் வண்டி இல்லை' என்பது முதல் வாதம், 'சான்றிதழ் இணைக்கவில்லை' என்பது இரண்டாவது. தலைகீழாக எழுதினால், தப்பு செய்துவிட்டு ஓட்டை தேடுகிறவர் போலத் தெரியும்.

கருவிச் சான்று, மூலப் படம் வேண்டுமானால் மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போடலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. பதில் வரட்டும் என்று மற்ற வேலையை நிறுத்திவிடாதீர்கள்.

6. ஓட்டியது யார் என்று முதலிலேயே முடிவாகட்டும்

சலான் ஆர்.சி. பெயருக்கு வரும். தகுதிநீக்கம் ஓட்டியவருக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தம்பி ஓட்டியதற்கு அண்ணன் லைசென்ஸ் எண்ணைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 133-வது பிரிவின்படி போலீஸ் கேட்டால் ஓட்டியவரின் விவரத்தை உரிமையாளர் சொல்லியாக வேண்டும்.

டெம்போ, டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் டிரைவர் டியூட்டி நோட்டு ஒன்று எழுதுங்கள். மாம்பழ சீசனில் ஒரே வண்டியை மூன்று பேர் மாறிமாறி ஓட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்து யார் என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பதினெட்டு நிரம்பாத பையன் ஓட்டியிருந்தால் தயவுசெய்து பெயரை மாற்றிச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். 199ஏ பிரிவில் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து என்று இருக்கிறது. நேராக வக்கீலிடம் போங்கள்.

7. ஆன்லைனில் மறுப்பு

பரிவாகன் இ-சலான் தளத்தில் குறைதீர்ப்புப் பகுதி இருக்கிறது. சலான் எண், பெயர், மொபைல் போட்டு, காரணத்தைத் தேர்ந்தெடுத்து, ஆதாரத்தை இணைத்து அனுப்ப வேண்டும். டிக்கெட் எண் வரும். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

விளக்கப் பெட்டியில் கதை எழுதாதீர்கள். மூன்று வரி போதும்: எந்த சலான், என்ன தவறு, என்ன ஆதாரம் இணைத்திருக்கிறேன். காவலரைத் திட்டி எழுதினால் மனுவின் போக்கே மாறிவிடும். எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி.

இணைக்கும் கோப்பின் அளவில் பலர் மாட்டுகிறார்கள். பத்து படத்தைத் தனித்தனியாகப் போடாமல் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து அளவைக் குறைத்துவிடுங்கள். முதல் பக்கம் அந்த ஒப்பீட்டுத் தாளாக இருக்கட்டும்.

8. எழுத்து மனு: இதை விட்டுவிடாதீர்கள்

ஆன்லைனில் போட்டாயிற்று என்று உட்கார்ந்துவிட்டால் கெடு ஓடிவிடும். சலானைப் போட்ட காவல் நிலையத்துக்கு ஒன்று, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒன்று என்று எழுத்து மனுவும் கொடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை, தபாலில் அனுப்பினால் சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் போய்க் கொடுப்பவர்களும் உண்டு. தப்பில்லை, ஆனால் அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே எஸ்.பி. ஆபீஸுக்குத்தான் வரும். அந்த நாட்களை நீங்கள் இழந்திருப்பீர்கள்.

மனு இப்படி இருந்தால் போதும்:

"பொருள்: இ-சலான் எண் ……… – தவறான வாகன எண் – ரத்து செய்யக் கோருதல்.

ஐயா, எனது டிஎன் 24 ……… எண்ணுள்ள இருசக்கர வாகனத்துக்கு, ……… தேதி ……… மணிக்கு ……… என்ற இடத்தில் தலைக்கவசம் அணியவில்லை என மேற்படி சலான் வந்துள்ளது. சலான் புகைப்படத்தில் உள்ள வாகனம் என்னுடையது அல்ல. அதன் பதிவெண் டிஎன் 29 எனத் தொடங்குவதாகத் தெரிகிறது. வாகனத்தின் நிறம், பின் விளக்கு, கண்ணாடி ஆகியவையும் வேறுபடுகின்றன. ஒப்பீட்டுப் படம் (இணைப்பு 1), ஆர்.சி. நகல் (இணைப்பு 2), அந்த நேரத்தில் நான் பணியில் இருந்ததற்கான வருகைப் பதிவு (இணைப்பு 3) இணைத்துள்ளேன். மூலப் புகைப்படத்தைச் சரிபார்த்து, சலானை ரத்து செய்து, எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஆன்லைன் மனு எண் ………"

'கருணையோடு பரிசீலித்து', 'ஏழை விவசாயி' போன்ற வரிகளைச் சேர்த்தால் அது சலுகை கேட்கும் மனுவாகிவிடும். நீங்கள் கேட்பது திருத்தம்.

நேரில் போகும்போது காலையில் போங்கள். "சார், இந்த போட்டோ மட்டும் ஒரு தடவை பாருங்க" என்று அந்த ஒரு தாளை முதலில் நீட்டுங்கள். எண் மாறிய சலான்களில் பல இந்த மேசையிலேயே முடிந்துவிடுகின்றன.

9. நீதிமன்றத்துக்குப் போனால்

சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் நீதிமன்றம்) மாறிவிட்டால், அதற்கான தளத்தில் வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ போட்டுத் தேடலாம். அங்கே இரண்டு வழி: முன்மொழிந்த அபராதத்தைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்கொள்கிறேன். முதலாவது சுலபமாக இருக்கிறது என்று அழுத்திவிடாதீர்கள், அது குற்றத்தை ஒப்புக்கொள்வது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும்.

எல்லை என்பது சம்பவம் நடந்த இடத்தைப் பொறுத்தது, உங்கள் வீட்டை அல்ல. அரூர்க்காரருக்கு ஓசூரில் சலான் என்றால் ஓசூருக்குத்தான் போக வேண்டும். எதிர்க்கலாமா என்று முடிவெடுக்கும்போது இந்த பஸ் செலவையும் வேலை இழப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். லைசென்ஸுக்கு ஆபத்து இல்லாத சின்ன சலானுக்கு நான் போகச் சொல்வதில்லை.

சம்மன் வந்தால் வாய்தாவைத் தவறவிடாதீர்கள். தவறினால் சலான் பிரச்சினை பிடிவாரண்டு பிரச்சினையாகிவிடும். நேரில் வர முடியாதென்றால் வக்கீல் மூலம் முன்னிலையாகலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. உதவி எண் 15100.

பழைய சலானுக்குத் திடீரென்று சம்மன் வந்தால் தேதியைப் பாருங்கள். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் வழக்கை எடுத்திருக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 514-வது பிரிவு சொல்கிறது. தாமதத்தை மன்னிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதனால் இதை வக்கீல் மூலம் எழுப்புவது நல்லது.

மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். அது சமரசம். பணத்தைக் குறைத்து முடிக்க நினைப்பவருக்குப் பொருந்தும், 'நான் செய்யவில்லை' என்பவருக்குப் பொருந்தாது.

10. லைசென்ஸைப் பிடித்தால், ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தால்

காவலர் லைசென்ஸை வாங்கி வைத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். 206-வது பிரிவின்படி அது தரப்பட வேண்டும். லைசென்ஸ் திரும்பி வரும் வரை, அல்லது சீட்டில் உள்ள தேதி வரை அதை வைத்து ஓட்டலாம். சீட்டு இல்லாவிட்டால் அடுத்த செக்போஸ்ட்டில் நீங்கள் லைசென்ஸ் இல்லாத டிரைவர்.

பிடித்து வைப்பது போலீஸ், தகுதிநீக்கம் செய்வது லைசென்ஸ் அதிகாரி. 19-வது பிரிவின்படி அவர் உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் உத்தரவு போட முடியாது. இந்த நோட்டீஸுக்குப் பதில் கொடுக்காமல் விடுவதுதான் நான் பார்த்ததிலேயே விலை அதிகமான பிழை. 'சலான் கட்டியாச்சே, இது எதுக்கு' என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். ஏன் வந்தது என்பதை இரண்டாவது படியில் சொன்னேன்.

பதிலில் சலானுக்கு எதிராகக் கொடுத்த மனு நகல், முத்திரை, ஆன்லைன் எண், ஒப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் இணையுங்கள். ஓட்டியது நீங்கள் இல்லையென்றால் அதை இங்கே கட்டாயம் சொல்லுங்கள். மஞ்சள் போர்டு ஓட்டிப் பிழைப்பவர் அதையும் எழுதலாம். காலத்தைக் குறைக்க அது உதவலாம், தப்பு நடக்கவில்லை என்பதற்கு அது ஆதாரமாகாது. உத்தரவு பாதகமாக வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. உறையையும் தபால் முத்திரையோடு வைத்திருங்கள், என்று கிடைத்தது என்று காட்ட அது உதவும்.

11. பெங்களூரு சலான்கள்

ஓசூர்க்காரர்களுக்கு இது தனித் தலைவலி. அத்திப்பள்ளி தாண்டி விழுந்த சலானை கிருஷ்ணகிரி எஸ்.பி. ஆபீஸில் கொடுத்துப் பயனில்லை. பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் தளத்தில் அல்லது ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு, படத்தைப் பார்த்து, அங்கேயே மறுப்பு தெரிவிக்க வேண்டும். மனுவை ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதுங்கள்.

கர்நாடகத்தில் நிலுவை அபராதத்துக்கு 2023 பிப்ரவரியிலும் 2025 ஆகஸ்ட்–செப்டம்பரிலும் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். உண்மையான சலான்களை அப்போது கட்டி முடித்தவர்கள் புத்திசாலிகள். தவறான சலானுக்குத் தள்ளுபடிக்காகக் காத்திருப்பது சரியில்லை. பாதி விலையில் கட்டினாலும் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும்.

12. ரத்தான பிறகு

ரத்து செய்துவிட்டோம் என்று போனில் சொன்னால் போதாது. இ-சலான் தளத்தில் நிலை மாறியிருக்கிறதா, விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் இன்னும் நிலுவை காட்டுகிறதா என்று இரண்டையும் பாருங்கள். ஒன்றில் தீர்ந்து இன்னொன்றில் தொங்குவது உண்டு. தொங்கினால், தீர்ந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து அதே காவல் அலுவலகத்தில் இன்னொரு ஒரு பக்க மனு கொடுங்கள். எண் மாறித்தான் சலான் வந்தது என்றால் வண்டி எண்ணை மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்த இன்னொரு வண்டி அதே பிளேட்டோடு அதே சாலையில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.